பேச்சு முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் நினைவில் நிற்க என்ன செய்யலாம்? (ஏற்காடு, காப்பி விவசாயிகள் கூட்டம், 12 நிமிடம்)

காப்பிக்கொட்டை

வணக்கம்ங்க. மார்ச் முதல் வாரம் ஏற்காட்டுல சிறு காப்பி விவசாயிகள் கூட்டம். சுமார் 150 பேர். எனக்கு ஒதுக்கினது 12 நிமிசம். தலைப்பு அரபிகா காப்பிச் செடியைக் கொல்ற வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு, தோட்டத்துப் பேச்சுல ‘போரர்’.

விசயம் யாருக்கும் புதுசில்ல. இந்தத் தலைப்புல பேசுறவங்க எல்லாம் நல்லாத்தான் பேசுறாங்க. கேக்கறவங்களும் தலையாட்டுறாங்க, கைதட்டுறாங்க. பந்திக்குப் போறதுக்குள்ள பாதி காத்தோட போயிடுது. பேச்சு பிரமாதம்ங்கற பேரு எனக்கு வேண்டாம். செப்டம்பர்ல தோட்டத்துல நிக்கும்போது ஞாபகம் வரணும், அவ்வளவுதான்.

கையில இருக்கற குறிப்பு 11: பூச்சியோட வாழ்க்கைச் சுழற்சி, தண்டுல வரப்பு விழுறது, இலை மஞ்சளாகி வாடுறது, வண்டு பறக்குற பருவம் (ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர்), நிழல், பட்டை தேய்க்கறது (வண்டு முட்டை வைக்கற இடுக்கு இல்லாம தண்டை நாரால தேய்க்கறது), சுண்ணாம்புக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, தாக்கின செடியை அடையாளம் வைக்கறது, பிடுங்கி எரிக்கறது, கணக்கு வெச்சுக்கறது. எதை வெட்டலாம், எதை எங்க வைக்கலாம்?

கோரிமேடு_சைக்காலஜி

பதினொன்னும் சரியான குறிப்பு. பதினொன்னையும் சொன்னா ஒன்னும் மிஞ்சாது.

மனசு ஒரே நேரத்துல பிடிச்சு வெச்சுக்கற அளவை 1956-ல உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் ஏழு, கூடக்குறைய ரெண்டுன்னார். 2001-ல நெல்சன் கோவன் அதை நாலுக்குப் பக்கமா இறக்கினார். அதுவும் ஆய்வுக்கூட அமைதியில. பிளாஸ்டிக் சேர்ல, மடியில பேரனோட, வெளிய சாம்பார் கொதிக்கற வாசனை வரும்போது மூணே அதிகம்.

எதை வெட்டலாம்னு குறிப்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கூட்டத்துக்கு வராத பக்கத்துத் தோட்டத்துக்காரர் சாயங்காலம் டீக்கடையில “என்னப்பா பேசுனாங்க?”ன்னு கேப்பார். வந்தவர் வாயிலேருந்து வர்ற ஒரே ஒரு வாக்கியம் என்னவா இருக்கணும்? அதை முதல்ல எழுதுங்க. பேச்சை அப்புறம் எழுதலாம்.

அந்த வாக்கியத்துக்கு மூணு தகுதி வேணும். ஒன்னு, செயல் இருக்கணும். “விழிப்போடு இருப்போம்”னா கையால என்ன செய்யறது? ரெண்டு, எட்டுச் சொல்லுக்குள்ள அடங்கணும். மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க: எப்போங்கறது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கணும். “இது நடந்தா அதைச் செய்வேன்”னு முடிச்சுப் போட்டு வெச்ச எண்ணம், வெறும் “செய்வேன்”ங்கற எண்ணத்தைவிடக் காரியமா மாறும்னு பீட்டர் கோல்விட்சர் 1999-ல எழுதினார். நீங்க கேக்கறதும் அதுதான். மார்ச்ல கேட்டது செப்டம்பர்ல தானா நினைவுக்கு வராது. செப்டம்பர்ல கண்ணுல படற, காதுல விழற ஏதோ ஒன்னு அதைக் கூப்பிடணும்.

சுண்ணாம்பு அளவு, ஹெக்டேருக்கு 25 பொறி இதெல்லாம் துண்டறிக்கையில அச்சடிச்சுக் கொடுங்க. காகிதம் ஞாபகம் வெச்சுக்கும்.

குகைத்_தமிழ்

அப்படியொரு வாக்கியத்துக்கு மாதிரி நம் உழவர்களிடமே இருக்கிறது: ஆடிப்பட்டம் தேடி விதை. மாதம் இருக்கிறது, செயல் இருக்கிறது, மூன்றே சொல். யாரும் பிபிடி போட்டுக் கற்பிக்கவில்லை. ஆடி பிறந்தால் வாக்கியம் தானாக வாய்க்கு வருகிறது.

வண்டு ஏப்ரலில் பறக்கத் தொடங்குகிறது என்றால் அதற்கு முந்திய தமிழ் மாதம் பங்குனி. அக்டோபருக்கு முன்பு புரட்டாசி. சரியாக ஆறு மாத இடைவெளி. எனவே பட்டை தேய்ப்பதற்கு:

பங்குனி பிறந்தால் தேய். புரட்டாசி பிறந்தால் தேய்.

ஆறே சொல். முதல் சொல்லை மாற்றினால் இரண்டாம் வாக்கியம் வந்துவிடுகிறது, ஆகையால் மனத்தில் ஏற்றவேண்டியது உண்மையில் நான்கு சொல்தான்.

காப்பிக்கொட்டை

ஐயா, இது கச்சிதம். பங்குனி மார்ச் நடுவுல பிறக்குது, புரட்டாசி செப்டம்பர் நடுவுல. பட்டை தேய்க்கறதை வண்டு பறக்கறதுக்கு முன்னாடி முடிக்கணும்ங்கறதால ரெண்டும் பொருந்துது. தாக்கின செடியைத் தேடிப் பிடுங்கறதும் அதே சமயம்தான்.

ஒரு சந்தேகம். எதிர்ல 70 வயசுப் பெரியவங்க இருப்பாங்க. ‘தேய்’னு ஒருமையில ஏவலாமா? ‘தேயுங்கள்’னு மாத்தினா ஓசை போயிடுது.

குகைத்_தமிழ்

பழமொழியின் ஏவலை எவரும் தம்மை நோக்கிய ஒருமையாக எடுத்துக்கொள்வதில்லை. ‘விதை’ என்றால் சினப்பார் உண்டா? ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் பேசுவது பன்மையில் இருக்கவேண்டும்: “பெரியவங்க நீங்க விதைக்கறதுக்குச் சொல்லி வெச்ச மாதிரி, இதுக்கும் ஒன்னு சொல்லி வெச்சுக்கலாம்” என்று ஒரு வரி முன்னால் போட்டுவிட்டால் மரியாதையும் கெடாது, ஓசையும் கெடாது.

அஸ்தம்பட்டி_டீச்சர்

ஐயா கோவிச்சுக்கக் கூடாது. இலக்கணப்படி ப-வுக்கும் பு-வுக்கும் நேர் மோனை இல்லையே?

குகைத்_தமிழ்

ஒரே மெய் வேறு உயிரோடு வருவதால் வருக்க மோனை என்று ஏற்கலாம், டீச்சர். கேட்பவர் காதுக்கு அந்தக் கணக்கு தேவையும் இல்லை.

மோனை பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மேடைகளில் அடுக்குமொழி இடம் தெரியாமல் இறைக்கப்படுகிறது. “கன்னலே, கனியே, கவின்மிகு காப்பியே” என்று தொடங்குவார்கள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் எதுகையும் மோனையும் நினைவூட்டும் கருவிகள். எழுத்து அரிதாக இருந்த காலத்தில் செய்யுள் மனத்தில் நின்றது அவற்றால்தான். அவற்றை வாழ்த்துரையில் செலவழித்தால் கேட்டவருக்கு வாழ்த்து நினைவிருக்கும், செய்தி இருக்காது. பன்னிரண்டு நிமிடத்தில் ஓசைநயம் ஓரிடத்தில்தான் வரவேண்டும், அது டீக்கடைக்குப் போகவேண்டிய வாக்கியத்தில்.

கோரிமேடு_சைக்காலஜி

ஐயா சொல்றதுக்கு ஆய்வும் இருக்கு. ஒரே மாதிரி வரிசையில ஒன்னு மட்டும் வேற மாதிரி இருந்தா அது மனசுல ஒட்டும். 1933-ல ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் காட்டினது. எல்லா வாக்கியமும் அலங்காரமா இருந்தா எதுவுமே தனிச்சு நிக்காது. சுத்தி இருக்கற பேச்சு சாதாரணமா, வீட்டுப் பேச்சா இருக்கணும். அப்பதான் அந்த ஒரு வரி எடுப்பாத் தெரியும்.

இன்னொன்னு. அந்த வாக்கியத்தை மூணு தடவை சொல்லணும்: முதல் நிமிசம், ஆறாவது நிமிசம், கடைசி வரி. மூணு தடவையும் அதே சொல், அதே வரிசை. தமிழ்ல பேசுறவங்களுக்கு இங்க ஒரு வியாதி உண்டு. சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லக் கூச்சம். முதல்ல ‘தேய்’, அப்புறம் ‘சுரண்டுங்கள்’, அப்புறம் ‘பட்டையை அகற்றுதல்’. கேக்கறவருக்கு அது மூணு வேலை.

ஒலிப்பெட்டி

சேலத்துல மைக்செட் போடற ஆளா ரெண்டு வார்த்தை. ஞாபகம் இருக்கறது இல்லாததெல்லாம் அப்புறம், முதல்ல காதுல விழணும்.

நம்ம பாசையில வினைச்சொல் கடைசில வருது. ‘செய்யணும்’, ‘செய்யக்கூடாது’ங்கற வித்தியாசமே கடைசி ரெண்டு எழுத்துல. பேசுறவங்களுக்கு மூச்சு தீர்றதும் அங்கதான். பின்வரிசைக்கு “பச்சைத் தண்டைத் தேய்க்க...”ன்னுதான் கேக்கும், மீதி காணோம். கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தா இன்னும் மோசம், அடித்தொனி எதுவும் அதுல வெளிய வராது. அதனால வாக்கியம் ஒரு மூச்சுக்குள்ள முடியணும், கடைசி எழுத்தை அமுக்காம முழுசா விடணும். வீட்டுல போன்ல பதிவு பண்ணி, போனை அடுத்த ரூம்ல வெச்சுக் கேளுங்க. வினைச்சொல் எதெல்லாம் விழுதுன்னு தெரிஞ்சிடும்.

மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல் தூரம். நேரா வாய்க்கு எதிர்ல வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க. இல்லேன்னா ‘ப’ சொல்லும்போதெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கும். உங்க வாக்கியம் ரெண்டுமே ப-வுல தொடங்குது, கவனம். தூரம் இருமடங்கானா சத்தம் 6 டெசிபெல் குறையும். அதைச் சரிக்கட்ட எங்காளு வால்யூமைத் தூக்குவான், மைக் கூவும். மைக்கோட வலைத்தலையைக் கையால பொத்திப் பிடிச்சாலும் கூவும். தண்டைப் பிடிங்க.

சுவரோ, எதிர் மேடோ 35 மீட்டர்ல இருந்தா உங்க குரல் போய்த் திரும்ப 70 மீட்டர், ஐந்துல ஒரு பங்கு விநாடி. உங்க குரலே அவ்வளவு லேட்டா காதுல விழுந்தா நாக்கு தடுமாறும். அப்ப ஸ்பீக்கரை உத்துக் கேக்காம முன்வரிசை முகத்தைப் பார்த்துப் பேசுங்க.

மலைக்கு ஏறுறவங்களுக்கு ஒன்னு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 வாக்குல. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினதும் காது அடைச்சிருக்கும். அடைச்ச காதோட பேசுனா உங்க குரல் உங்களுக்கே வேற மாதிரி கேக்கும், சத்தத்தை அளவாப் பிடிக்க முடியாது. ஒரு மணி நேரம் முன்னாடி போய்ச் சேருங்க. எச்சில் முழுங்குங்க, கொட்டாவி விடுங்க, காது திறக்கும். அப்புறம் மைக்கைத் தொடலாம்.

காப்பிக்கொட்டை

அண்ணா, அந்த ‘தேய்க்க...’ உதாரணம் பயமுறுத்துது. பச்சைப் பகுதியைத் தேய்க்கக் கூடாதுங்கறது முக்கியமான எச்சரிக்கை. அது பாதி கேட்டா விபரீதம்.

ஒலிப்பெட்டி

அப்ப எதிர்மறையா சொல்லாதீங்க. “முத்தின பட்டையை மட்டும் தேய்”னு நேரா சொல்லுங்க. கடைசி எழுத்து போனாலும் அர்த்தம் தலைகீழா ஆகாது.

அஸ்தம்பட்டி_டீச்சர்

தொடக்கத்தைப் பத்தி யாரும் பேசலையே. கேட்டதுல முதல்ல வந்ததும் கடைசில வந்ததும்தான் நல்லா நிக்கும், நடுவுல உள்ளது தொய்யும். நம்ம மேடை வழக்கம் அந்த ரெண்டு இடத்தையும் தாரை வார்த்துடுது. “மேடையில் வீற்றிருக்கும்...”னு ஆரம்பிச்சா பேர் சொல்லியே ஒன்றரை நிமிசம். கடைசில “வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்.” போன ஆளு நினைவுல என்ன எடுத்துட்டுப் போவார்? விடைபெற்றதைத்தான்.

விளிப்பே வேண்டாம்னு சொல்ல முடியாது. பேர் விட்டா மனஸ்தாபம். ஆனா இடம் மாத்தலாம். முதல்ல ஒரே வாக்கியம், மூணு விநாடி மௌனம், அப்புறம் வணக்கம். வணக்கத்தைப் பதவி வாரியா சேர்த்து 20 விநாடில முடிங்க. நன்றியைக் கடைசிக்கு முந்தின இடத்துல சொல்லிடுங்க. கடைசி வரி அந்த வாக்கியம். சொன்னதும் கீழ இறங்குங்க. “அவ்வளவுதாங்க” கூட வேண்டாம்.

மௌனத்தைப் பத்தி: மேடையில நிக்கறவருக்கு ஒரு விநாடி மௌனம் மூணு விநாடியாத் தெரியும். அதனால மனசுக்குள்ள எண்ணணும். முக்கிய வாக்கியத்துக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி மூணு. பின்னாடி விடறதுதான் அவசியம். அந்த மூணு விநாடியிலதான் கேட்டவர் உள்ளுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறார். நீங்க உடனே அடுத்த வரிக்குத் தாவினா அது அழிஞ்சிடும்.

ஓமலூர்_அப்பா

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். பொண்ணு எட்டாவது. மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு அஞ்சு நிமிசம், தலைப்பு மேட்டூர் அணை. உரையை மனப்பாடம் பண்ணிட்டா, ஒரு சொல் மறந்தா மொத்தமும் நின்னுடுது. இதே இழையில கேக்கலாமா?

அஸ்தம்பட்டி_டீச்சர்

தாராளமா கேளுங்க சார். முதல்லேருந்து கடைசிவரை ஓட்டமாவே பாடம் பண்ணினா அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு சொல்லும் முந்தின சொல்லைப் பிடிச்சுத் தொங்குது. ஒரு கண்ணி அறுந்தா மீதிக்கு வழியில்ல.

அஞ்சு நிமிசம்னா தமிழ்ல 400-லிருந்து 500 சொல். நிமிசத்துக்கு 80–100 தான் நிதானமான வேகம். பல பிள்ளைங்க 700 சொல்லைத் திணிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறாங்க. முதல்ல குறைங்க. அப்புறம் ஆறு பத்தியாப் பிரிச்சு, கடைசிப் பத்தியை முதல்ல பாடம் பண்ணச் சொல்லுங்க. அடுத்து அஞ்சாவதும் ஆறாவதும், பிறகு நாலு அஞ்சு ஆறு. இப்படிப் பின்னாலிருந்து வந்தா, பேசப் பேசத் தெரிஞ்ச பகுதியை நோக்கிப் போவா. வழக்கமா நடக்கறது தலைகீழ், முதல் பத்தி தண்ணிபட்ட பாடு, கடைசிப் பத்தி தடுமாற்றம். ஆறு சீட்டுல ஒவ்வொரு பத்திக்கும் ஒரு சொல் எழுதிக் குலுக்கிப் போட்டு, எந்தச் சீட்டு வருதோ அந்தப் பத்தியிலிருந்து பேசச் சொல்லுங்க. எங்கிருந்து வேணும்னாலும் தொடங்கத் தெரிஞ்ச பிள்ளை நடுவுல மறந்தாலும் அடுத்த பத்திக்குத் தாவிடும், நடுவர்கிட்ட உரைநகல் இல்லாட்டி தெரியவும் தெரியாது.

முதல் மூணு வாக்கியமும் கடைசி ரெண்டும் மட்டும் எழுத்து பிசகாம. மத்தது சொந்த வார்த்தையில வரலாம். ஒரே ராத்திரியில பத்து தடவை சொல்றதைவிட இன்னைக்கு, நாளைக்கு, நாலாம் நாள், ஏழாம் நாள்னு இடைவெளி விட்டுச் சொல்றது தங்கும். 1885-ல எபிங்காஸ் தன்னையே சோதிச்சு எழுதினது இன்னும் மாறலை. சொல்லும்போது தாளைப் பார்க்காம திணறி வரவழைக்கணும், உடனே எடுத்துக் கொடுத்துடாதீங்க. ஒரு பத்து விநாடி திணறட்டும்.

கை அசைவு சொல்லிக் கொடுக்கறதை நிறுத்துங்க. ‘அணை’ன்னா ரெண்டு கையையும் விரிக்கறது, ‘நதி’ன்னா விரலை நெளிக்கறது. நடுவருக்கு அது ஒத்திகைன்னு உடனே தெரியும்.

குகைத்_தமிழ்

மேட்டூர் என்பதால் எண் பற்றி ஒரு சொல். பிள்ளைகள் 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, 1934, 120 அடி என்று மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். சேலத்துக்காரருக்கு 120 நினைவிருக்கும், ஏனென்றால் நாளிதழில் தினமும் நீர்மட்டம் பார்க்கிறார். 93.47 நிற்காது. புதிய எண்ணைச் சொல்லவேண்டுமானால் கேட்பவரிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் மாட்டவேண்டும்: “நீங்க தினமும் பார்க்கிற அந்த 120 அடிக்குப் பின்னால் நிற்கிற தண்ணீரில் ஒரே ஒரு டி.எம்.சி. எடுத்தாலே 2,831 கோடி லிட்டர். அப்படி 93.” தசமத்தை விட்டுவிடலாம். ஒரு கருத்துக்கு ஓர் எண், அதற்கு மேல் வைத்தால் ஒன்றை ஒன்று தள்ளிவிடும்.

கோரிமேடு_சைக்காலஜி

ஓமலூர் சார், இடநினைவு முறையையும் முயற்சி பண்ணலாம். கிரேக்கக் காலத்திலேருந்து பேச்சாளர்கள் வெச்சிருக்கற வித்தை: தெரிஞ்ச ஒரு பாதையில மனசால நடந்து, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கருத்தைப் படமா வெக்கறது. நம்ம ஊருக்கு ஏற்காடு மலைப்பாதை அமைஞ்சிருக்கே, இருபது வளைவுக்கும் எண் பலகை இருக்கு.

அஸ்தம்பட்டி_டீச்சர்

எண் இருக்கு, ஆனா ஏழாவது வளைவுக்கும் எட்டாவதுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் என்ன? இடநினைவுக்கு இடங்கள் ஒன்னுக்கொன்னு வேற மாதிரி இருக்கணும். ஒரே மாதிரி இடத்துல வெச்சா எதை எங்க வெச்சோம்னே தெரியாது. அஸ்தம்பட்டி ரவுண்டானா, மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு, அடிவாரம் செக்போஸ்ட், ஏற்காடு ஏரி, சேர்வராயன் கோயில் குகை. அஞ்சு இடம், அஞ்சும் அஞ்சு விதம். போதும்.

கோரிமேடு_சைக்காலஜி

ஒத்துக்கறேன். படமும் அசையற படமா இருக்கணும். ரவுண்டானாவுல 1934-ன்னு எழுதி வெச்சா நிக்காது. ரவுண்டானாவைச் சுத்தித் தண்ணி சுழிச்சு ஓடுது, போலீஸ்காரர் முழங்கால் வரை நனைஞ்சிட்டார்னு பார்த்தா நிக்கும்.

நெறியாளர்

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதையும், அந்தத் தீர்மானம் இன்றும் ‘அண்ணாதுரை தீர்மானம்’ என்றே வழங்குவதையும் மேடையில் சொன்னது நினைவில் நிற்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது பொருத்தம்தான். அதற்கடுத்து நடந்த கட்சிச் சண்டை இங்கே வேண்டாம்.

ஒலிப்பெட்டி

முக்கியமானதை விட்டுட்டீங்க. அக்காவுக்கு 12 நிமிசம்னு அழைப்பிதழ்ல இருக்கும். நடக்கறது என்ன? கூட்டம் அரை மணி லேட், வரவேற்புரை 15 நிமிசம், பொன்னாடை, நினைவுப் பரிசு, முன்னாடி பேசுறவர் இழுத்துடுவார். உங்க முறை வரும்போது துண்டுச் சீட்டு வரும்: “5 நிமிடத்தில் முடிக்கவும்.”

12 நிமிசத்தை வேகமாப் பேசி அஞ்சுல அடைக்கறவங்கதான் அதிகம். அதுல ஒன்னும் தேறாது.

காப்பிக்கொட்டை

அப்ப ரெண்டு பேச்சு தயார் பண்ணணுமா?

அஸ்தம்பட்டி_டீச்சர்

ஒரே பேச்சு, கழட்டி மாட்டற மாதிரி. தொடக்கமும் முடிவும் எந்த நிலையிலும் மாறாது. நடுவுல மூணு பெட்டி: தேய்க்கறது, நிழல், எரிக்கறது. ஒவ்வொரு பெட்டிக்கும் மூணு நிமிசம். அதுல முதல் 40 விநாடி சாரம், மீதி விளக்கமும் நிகழ்ச்சியும். அஞ்சு நிமிசம்னா சாரம் மட்டும். ரெண்டு நிமிசம்னா தேய்க்கறதோட சாரமும் முடிவும். உள்ளங்கை அளவு அட்டையில மூணு சொல், எந்த இடத்துல வெட்டறதுன்னு சிவப்புக் கோடு. முழுப் பேச்சை ஒத்திகையில 10 நிமிசத்துக்குள்ள முடிங்க, மேடையில தானா 12 ஆகும்.

கோரிமேடு_சைக்காலஜி

அந்த மூணு பெட்டியும் பட்டியலா இருந்தா ஒன்னு கழண்டு போகும். காரணத்தால கோத்துடுங்க. முட்டை வைக்கறது பட்டை இடுக்குல. பட்டையைத் தேய்ச்சா இடுக்கு இல்லை. வண்டு விரும்பறது வெயில். வெயில் இறங்காம நிழல் இருந்தா வரத்து குறையும். அதையும் மீறி நுழைஞ்சது தண்டுக்குள்ள இருக்கும். அந்தத் தண்டை அது பறக்கறதுக்கு முன்னாடி பிடுங்கி எரிச்சாகணும். ஒன்னு சொன்னா அடுத்தது “சரி, அப்புறம்?”னு கேக்கவைக்குது. வரிசையை மாத்தவே முடியாது, அதனால மறக்கவும் மறக்காது.

குகைத்_தமிழ்

அந்தாதித் தொடையின் உத்தியும் அதுதான். ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் முதல். ஒரு பெட்டியின் கடைசிச் சொல் ‘இடுக்கு’ என்றால் அடுத்த பெட்டியை “இடுக்கு கிடைக்கலேன்னா வண்டு என்ன பண்ணும்?” என்று தொடங்குங்கள். கேட்பவருக்கு மட்டுமன்று, பேசுபவருக்கும் அடுத்தது எதுவென்று தடுமாற்றம் வராது.

கோரிமேடு_சைக்காலஜி

அப்புறம், ஆறாவது நிமிசத்துல நீங்க சொல்லாதீங்க, அவங்களைச் சொல்லவைங்க. திரும்பப் படிக்கறதைவிட மனசுலேருந்து இழுத்து எடுக்கறதுதான் பல நாள் நிக்கும்னு ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல காட்டினாங்க. “புரிஞ்சுதா?”ன்னு கேட்டா எல்லாரும் “புரிஞ்சுது”ம்பாங்க, அதுல இழுத்து எடுக்க எதுவுமில்லை. “முதல் தேய்ப்பு எந்த மாசம்?”னு கேளுங்க, மூணு விநாடி வாயைத் திறக்காதீங்க. முணுமுணுப்பாத்தான் வரும். “பின்னால இருக்கறவங்க?”ன்னு மறுபடி கேளுங்க. ரெண்டாம் தடவை சத்தமா வரும்.

ஒருத்தரைப் பேர் சொல்லி எழுப்பிக் கேக்காதீங்க. தெரியலேன்னா அவருக்கு அவமானம்தான் ஞாபகம் இருக்கும்.

காப்பிக்கொட்டை

எல்லாத்தையும் சேர்த்து முதல் ஒரு நிமிசம் எழுதிப் பார்த்தேன். ஒரு கையில போரர் குடைஞ்ச தண்டுத் துண்டு, இன்னொரு கையில தேங்காய் நார்.

“(மைக் பக்கத்துல நாரால தண்டை மூணு இழுப்பு. கரகரன்னு சத்தம்.)

இந்தச் சத்தம் உங்க தோட்டத்துல வருசத்துக்கு ரெண்டு தடவை கேக்கணும். விதைக்கறதுக்குப் பெரியவங்க சொல்லி வெச்ச மாதிரி இதுக்கும் ஒன்னு: பங்குனி பிறந்தா தேய். புரட்டாசி பிறந்தா தேய்.

(மூணு விநாடி.)

மேடைப் பெரியவங்களுக்கும் தோட்டத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம். ஏப்ரல்-மே மாதங்களில் வண்டுகள் வெளிவந்து, தளர்ந்த பட்டைகளின் வெடிப்புகளில் முட்டையிடுகின்றன. அந்த முட்டையிலேருந்து வர்ற புழு தண்டுக்குள்ள புகுந்து மாசக்கணக்குல குடையும். குடைஞ்ச வழி இதோ. (தண்டைப் பிளந்து காட்டுதல், பிறகு வரிசையாகக் கைமாற்றிப் பார்க்கத் தருதல்.)”

குகைத்_தமிழ்

முதல் பகுதி அருமை. வணக்கத்துக்குப் பிறகு நடை திடீரென அலுவலகக் கடிதமாகிவிட்டதைக் கவனித்தீர்களா? ‘வெளிவந்து’, ‘முட்டையிடுகின்றன’. துண்டறிக்கையில் எழுதியது அப்படியே இறங்கியிருக்கிறது. “சித்திரை வெயில்ல வண்டு வெளிய வரும். வந்ததும் தேடறது பட்டை இடுக்கை. அங்கதான் முட்டை.” மாதப் பெயரும் தமிழிலேயே இருக்கட்டும். பங்குனியில் தேய்க்கச் சொல்லிவிட்டு ஏப்ரலில் வண்டு வருகிறது என்றால் கேட்பவர் மனத்தில் கணக்குப் போடவேண்டியிருக்கிறது.

அஸ்தம்பட்டி_டீச்சர்

தண்டைக் கைமாத்தாதீங்க. 150 பேர் கைக்குப் போய்ச் சேர 12 நிமிசமும் ஆகும். யார் கையில இருக்கோ அவங்களும் பக்கத்துல ரெண்டு பேரும் உங்களைக் கேக்க மாட்டாங்க. மேடையில காட்டினாலும் மூணாவது வரிசைக்கு மேல துளை தெரியாது. அதனால காட்சியை நம்பாம சத்தத்தை நம்புங்க. பிளக்கற ‘டப்’ மைக்ல விழட்டும், “உள்ள முழுக்க மாவு”ன்னு சொல்லித் தூளைக் கீழ கொட்டுங்க. தண்டை மேசைக்கு அடியில வெச்சிடுங்க. கையிலேயே இருந்தா பேச்சு முழுக்க அதை ஆட்டிக்கிட்டே இருப்பீங்க. அஞ்சாறு துண்டை வாசல் மேசையில வெச்சா சாப்பிடப் போகும்போது எடுத்துப் பார்ப்பாங்க.

திரை வெச்சிருந்தா ஒரே ஒரு படம், எழுத்து வேண்டாம். படிக்கறதும் கேக்கறதும் ஒன்னை ஒன்னு அடிச்சுக்கும். படம் முடிஞ்சதும் பவர்பாயின்ட்ல பி விசையை அழுத்தினா திரை கருப்பாயிடும், கண்ணெல்லாம் உங்ககிட்ட திரும்பும்.

ஒலிப்பெட்டி

தண்டைத் தேய்க்கும்போது மைக்குக்கு மூணு விரல் தூரம், நேர் எதிர்ல வேண்டாம். நார்த் தூசி வலைக்குள்ள போயிடும். ரெண்டு கையும் தேவைப்படறதால ஸ்டாண்டு மைக் கேளுங்க, காலைலயே ஆபரேட்டர்கிட்ட “நடுவுல இப்படி ஒரு சத்தம் வரும், கையை வெச்சுக் குறைச்சிடாதீங்க”ன்னு சொல்லி ஒரு தடவை தேய்ச்சுக் காட்டுங்க. சொல்லாம விட்டா ஏதோ வயர் கோளாறுன்னு முதல் இழுப்புலயே அமுத்திடுவான்.

நாரும் தண்டும் ரெண்டும் நல்லாக் காஞ்சிருக்கணும். மலைமேல ராத்திரி வெளிய வெச்சா பனியில நமத்துப்போய்ச் சத்தமே வராது. பாலித்தீன் பையில கட்டி எடுத்துட்டுப் போங்க.